எட்டடிச் சாரல்

"இறங்குல," என்றார் கண்டக்டர்.

"டிக்கெட் எடுத்திருக்கேன்லா," என்றான் சங்கிலி.

"அது உனக்கு எடுத்தது. மழைக்கு எடுத்தியா?"

பஸ்ஸுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. வெளியே புரட்டாசி வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்க, ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை சுட, உள்ளே நாலாவது வரிசையில், பஸ் கூரைக்குக் கீழே, சங்கிலியின் தலைக்கு மூன்றடி உயரத்திலிருந்து, ஊசி ஊசியாக, சத்தமே இல்லாமல், ஆடி மாதத்தில் மலையிலிருந்து இறங்குமே அதே சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவனைச் சுற்றி எட்டடி அகலத்துக்கு எல்லாம் நனைந்தது. பக்கத்து சீட் டீச்சர் மடியில் வைத்திருந்த காலாண்டுப் பரீட்சைப் பேப்பர் கட்டு ஊறி உப்பிவிட்டது. "போகட்டும், எல்லாப் பிள்ளைக்கும் பாஸ் போட்டுர வேண்டியதுதான்," என்று அந்த அம்மா கட்டைப் பிழிந்தார். பின்னால் இருந்தவர் குடையை விரித்தார். அவருக்கும் பின்னால் இருந்தவர் யாரிடமாவது சோப்பு இருக்கிறதா என்று கேட்டார்.

சங்கிலியைப் பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். மழையும் அவனோடு இறங்கியது.

அவன் தென்காசிக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போய்க்கொண்டிருந்தான். சட்டைப் பையில், பேனாவால் எழுதிய பத்திரிகை மாதிரி ஒன்று இருந்தது. எடுத்துப் பார்த்தான். மை கரைந்து சங்கிலி, மாரிசெல்வி என்ற ரெண்டு பெயரும் ஒரே நீலத் திட்டாகக் கிடந்தன. அதை அப்படியே மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு நாலு மைல் நடந்து தேனூத்துக்கு வந்து சேர்ந்தான். ரோட்டில் அவன் வந்த பாதை மட்டும் எட்டடி அகலத்துக்கு ஈரக் கோடாகக் கிடந்தது.

தேனூத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு அருவி, அந்த அருவியை நம்பி ஒரு ஊர், அவ்வளவுதான். பஞ்சாங்கத்தில் ஆறு பருவம் இருக்கிறதாம். தேனூத்தில் ரெண்டுதான்: சீசன், சீசன் இல்லாத காலம். ஆனியில் சாரல் இறங்கி ஆவணி பாதியில் ஏறிப் போகும். அந்த ரெண்டரை மாதத்தில்தான் லாட்ஜ் நிறையும், சிப்ஸ் விற்கும், எண்ணெய் தேய்க்கிறவன் கை ஓயாது. அதனால் அந்த ஊர்க்காரர்கள் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் சீசனில் கொண்டுபோய்த்தான் மாட்டுவார்கள். சீசன் வரட்டும், வீட்டுக்கு வெள்ளையடிப்போம். சீசன் முடியட்டும், பல்லைப் பிடுங்குவோம். சீசன் வரட்டும், குடியை விடுவோம். சீசன் முடியட்டும், அண்ணன் தம்பி பேசிக்கொள்வோம். வந்து வந்து போன சீசன்களுக்குக் கணக்கில்லை. வெள்ளையடிக்காத சுவரும் பிடுங்காத பல்லும் அப்படியேதான் இருந்தன.

சங்கிலியும் இந்த ஊர்க்காரன்தானே. அருவிக்கரையில் துண்டும் டவுசரும் விற்கிறவன். மாரிசெல்வி பக்கத்துத் தெரு. மொட்டை மாடியில் கூழ் வத்தல் பிழிந்து காயவைத்துக் கடைகளுக்குப் போடுகிறவள். ரெண்டு பேரும் பத்தாம் வகுப்பில் ஒரே வாரத்தில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்கள்; அன்றைக்கிலிருந்தே ஒருத்தருக்கு ஒருத்தர் என்று ரெண்டு வீட்டுக்கும் தெரியும், யாருக்கும் மறுப்பில்லை. கல்யாணப் பேச்சு எடுத்த முதல் வருடம், சொந்தமாகக் கடை போட்டுவிட்டுக் கல்யாணம் என்றான். சீசன் முடியட்டும் என்றான். ரெண்டாவது வருடம், கடை போட்டாயிற்று, வீட்டுக்குத் தகரம் மாற்றிவிட்டுக் கல்யாணம் என்றான். சீசன் முடியட்டும் என்றான். மூன்றாவது வருடம் தகரமும் மாற்றியாயிற்று. இனி ஒரு காரணமும் கையில் இல்லை. ஆனாலும் சீசன் முடியட்டும் என்றான், பழக்க தோஷம். உண்மையைச் சொன்னால் அவனுக்குப் பயம். எதற்குப் பயம் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அந்த சீசனும் முடிந்து, வேறு வழியில்லாமல் பத்திரிகை அடிக்கக் கிளம்பினால், பஸ்ஸுக்குள் சாரல்.

மாரிசெல்வி மாடியிலிருந்து பார்த்தாள். தெருவெல்லாம் வெயில், வெயிலுக்கு நடுவில் ஒரு மழை நடந்து வந்தது, மழைக்கு நடுவில் சங்கிலி வந்தான்.

"பத்திரிகை அடிச்சாச்சா?"

"பஸ்ஸுல ஏத்த மாட்டேங்காவோ."

"படியில கால வைக்காத. மேல மூணு வேட்டி நெறைய வத்தல் கிடக்கு." கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவனை நன்றாகப் பார்த்தாள். "அப்போ சீசன் முடியல."

"ஊருக்கு முடிஞ்சிட்டுளா."

"ஊரையா நான் கெட்டப்போறேன்? சீசன் முடிஞ்சதும்னு சொன்னது நீ. உனக்கு முடியட்டும்."

சொல்லிவிட்டுக் காக்காயை விரட்டப் போய்விட்டாள். அவளிடம் அதுதான் குணம். ஒரு வார்த்தை சொன்னால் அதை அப்படியே எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவாள்.

சங்கிலியின் அம்மா பேச்சியம்மாள் வாசலிலேயே நிறுத்தித் தலையைத் துவட்டிவிட்டாள். துவட்டத் துவட்ட நனைந்தது. "சரி, நீ தொழுவத்துல படுத்துக்கோ," என்று மாட்டை அவிழ்த்து வீட்டுக்குள் கட்டினாள். மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு ஜலதோஷத்துக்கு மாத்திரை தந்தார். சாஸ்தா கோயில் பூசாரி திருநீறு போட்டார். அது சேறாக வழிந்தது. ஒரு மாதம் பார்த்தார்கள். ஐப்பசியில் ஊருக்கே மழை வந்தபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, எல்லோரும் சங்கிலி மாதிரியே இருந்தார்கள். மார்கழி பிறந்து வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆனதும்தான், இவன் ஒருத்தன் மட்டும் இன்னமும் ஆடி மாதத்தில் இருக்கிறான் என்பது எல்லோருக்கும் நன்றாகப் புலப்பட்டது.

அருவிவாசம் லாட்ஜ் முதலாளி ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு அது வேறு மாதிரிப் புலப்பட்டது. ஒருநாள் காலையில் சங்கிலியைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். அருவி வற்றி, பாறை எலும்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. "மேல, அருவித் தலைமாட்டுல போய் நில்லு," என்றார். நின்றான். எட்டடிச் சாரல்தான். ஆனால் பாறையில் பட்ட தண்ணீர் முப்பதடி கீழே சோவென்று அருவியாக விழுந்தது. அது எப்படி என்று கணக்குக் கேட்கிறவன் வேறு ஊருக்குப் போகலாம். தேனூத்தில் யாரும் கேட்கவில்லை. கீழே நின்ற நாலு பேர் சட்டையைக் கழற்றினார்கள்.

அன்று சாயங்காலமே லாட்ஜில் கூட்டம். கல்யாணப் பந்தியில் மேசைக்கு விரிக்கிற வெள்ளைப் பேப்பர் சுருளை எடுத்து, ரிசப்ஷன் சுவரில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒட்டி, பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டம் போட்டார்கள். அண்ணாச்சி மார்க்கர் பேனாவோடு நாற்காலியில் ஏறி நின்றார்.

"இத்தன வருசம் நாம சீசனப் பாத்துக் காத்துக்கிட்டுக் கிடந்தோம். இனி சீசன் நம்மள மாதிரிச் சாப்பிடுது, தூங்குது, கூப்பிட்டா வருது. ஒவ்வொரு வீடும் இந்த வருசத்துக்குள்ள என்ன செய்யணும்னு நெனைக்கியோ சொல்லுங்க. தொழிலுன்னாலும் சரி, வீட்டுக் காரியம்னாலும் சரி. வாய்க்கு வந்ததச் சொல்லப்படாது. தேதியோட சொல்லணும்."

தேதி என்றதும் ஊர் சுவரிலிருந்த கட்டங்களை அண்ணாந்து பார்த்தது. இதுவரை யாரும் அவர்களிடம் தேதி கேட்டதில்லை. அப்புறம் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள்.

புதுவீட்டுக்குக் கான்கிரீட் போட்டவர், தளத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டும், சங்கிலி மூன்று நாள் அங்கேயே படுக்கட்டும் என்றார். மாசியில் உளுந்து போடுகிறவர்கள், வாரம் ஒருமுறை வரப்பில் நடந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். லாட்ஜ் பெட்ஷீட் வெளுக்கிற முத்தையா, செவ்வாயும் வியாழனும் தெற்குத் தெருப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்றார். சாரல் விழுந்தால்தான் படிப்பு ஏறும் என்று ஒரு பெண் சொன்னாள், அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறவள்; அவளுக்குத் திங்கள்கிழமை ஜன்னலோரம் ரெண்டு மணி நேரம். எண்ணெய் தேய்க்கிற தாஸ் எழுந்து, "சாரல் பட்டாத்தான் எனக்குக் குடிக்கத் தோணும். தை மாசம் முழுக்க இவன் எங்க வீட்டத் தாண்டி வரலைன்னா நான் விட்டுருவேன்," என்றார். அதையும் எழுதினார்கள். எட்டு வருடமாகப் பேசாத சிப்ஸ் கடை அண்ணன் தம்பிக்கு, சீசன் முடிந்ததும் பேசுவதாக இருந்தவர்களுக்கு, இப்போது எது முடிவு எது ஆரம்பம் என்று பிடிபடாமல், தை ரெண்டாம் தேதி காலை பத்து மணி என்று குறித்துக் கொடுத்தார்கள்.

சொன்னால் நம்ப வேண்டும், எல்லாம் நடந்தது. தை ரெண்டாம் தேதி பத்து மணிக்கு அண்ணன் தம்பி ஆளுக்கொரு குடையோடு சங்கிலிக்கு ரெண்டு பக்கமும் நின்று, "நல்லா இருக்கியால?", "இருக்கேன்," என்று பேசினார்கள். வேறு ஒன்றும் பேசவில்லை, ஆனால் பேசிவிட்டார்கள். தாஸ் குடியை விட்டார். கான்கிரீட் இறுகியது. வற்றிய அருவிக்கு வெள்ளி, சனி, ஞாயிறு ஆட்கள் வந்தார்கள், அதுவும் மாசி மாதத்தில். தேனூத்துக்காரர்கள் கையில் சின்னச் சின்னத் துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டு அலைந்தார்கள், டீக்கடையில் பார்த்தால், "உனக்குச் சங்கிலி எப்போ?" என்பதுதான் முதல் விசாரிப்பு. பிடுங்க வேண்டிய பல்லையெல்லாம் ஒரே வாரத்தில் பிடுங்கினார்கள்.

சங்கிலி சும்மா நடந்தான். இன்று இந்த வரப்பு, நாளை அந்த ஜன்னல், வார இறுதியில் அருவித் தலைமாடு. அவன் கடைத் துண்டுகளை மட்டும் யாரும் வாங்கவில்லை. அவை எந்நேரமும் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தன. செவ்வாய், வியாழன் தெற்குத் தெரு அவனுக்குக் கிடையாது. மாரிசெல்வி வீடு அந்தத் தெருவில்தான். மற்ற நாளிலும் வத்தல் காய்ந்தால் அந்தப் பக்கம் போக முடியாது. பங்குனி வெயிலில் வத்தல் காயாத நாள் ஏது? தெருமுனையில் நின்று மாடியைப் பார்ப்பான். அவள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, முறுக்கு அச்சைத் திருகித் திருகி வேட்டியில் வரிசை வரிசையாக வட்டம் போட்டுக்கொண்டிருப்பாள். சில நாள் கையாட்டுவாள். சில நாள் ஆட்ட மாட்டாள். ஆட்டாத நாள்கள் அதிகமாகிக்கொண்டு வந்தன.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் லாட்ஜ் வாசலில் நின்று, உள்ளே போனால் சோபா நனையும் என்பதால் அங்கிருந்தே, அந்தப் பேப்பரை முதன்முதலாக முழுசாகப் படித்தான். எல்லாக் கட்டத்திலும் அவன் பெயர் சிவப்பு மையில் இருந்தது. ஊரில் உள்ள எல்லார் காரியமும் இருந்தது. அவன் காரியம் இல்லை.

"அண்ணாச்சி, என் கல்யாணத்த எங்கன எழுதியிருக்கு?"

ஆவுடையப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "கல்யாணமா? சீசன்ல எவம்ல கல்யாணம் வைப்பான்? சமையலுக்கு ஆளு கிடைக்குமா, ரூம்பு கிடைக்குமா? சீசன் முடியட்டும், ஜாம்ஜாம்னு வைப்போம்."

"முடியாதுல்லா அண்ணாச்சி. நான்லா சீசன்."

"அதான் சொல்லுதேன். பொறு."

சங்கிலி வாயைத் திறந்தான். மழைத்தண்ணீர் உள்ளே போனது. மூடிக்கொண்டான். மூன்று வருடமாகத் தான் சொன்ன வார்த்தையை இன்னொருத்தர் வாயால் கேட்டால் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நேரே தெற்குத் தெருவுக்கு நடந்தான். அன்று வியாழக்கிழமை. கொடியில் நாற்பது பெட்ஷீட் தொங்கியது. முத்தையா ஓடிவந்து, "ஏல, வியாழன்ல, வியாழன்," என்று கத்தக் கத்த, தெருவின் மறுஓரமாகச் சுவரை உரசிக்கொண்டே போனான். மூன்று பெட்ஷீட்டின் ஓரம்தான் நனைந்தது. மாரிசெல்வி வீட்டுக்கு எதிரே நின்றான்.

"செல்வி."

அவள் எட்டிப் பார்த்தாள்.

"இது நிக்காது போலுக்கு. நான் காயவே மாட்டேன். நீ வேற..." என்று இழுத்தான்.

"காயணும்னு உன்ன எவ கேட்டா? எனக்கு வத்தல்தான் காயணும்." அவள் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஏறி உட்கார்ந்தாள். கையில் ஏதோ பழைய சேலை. "இந்தா பாரு. சேலையப் போட்டு மாடிய அளந்துட்டேன். நாப்பது அடி நீளம். உன் மழை எட்டடி. வடக்கு மூலையில, தண்ணி இறங்குற குழாய்ப் பக்கம் நீ உக்காந்தா, மிச்சம் முப்பத்திரண்டு அடி வெயிலு எனக்குக் கிடக்கு. அது போதும்."

சங்கிலி வடக்கு மூலைக் குழாயை அண்ணாந்து பார்த்தான்.

"எப்ப அளந்த?"

"மார்கழியிலேயே அளந்தாச்சு. நீ கேக்கட்டும்னு இருந்தேன். உனக்கு ஊர்க்காரியம் ஒழியல." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "சித்திரை ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குக் கூழு காச்சுதேன். எம்பது படி ஆர்டரு. காக்கா விரட்ட ஆளில்ல. வந்தன்னா வைகாசி ஏழு முகூர்த்தம். வரலைன்னா, இனிமே எங்கிட்ட சீசன்னு ஒரு வார்த்த பேசப்படாது. வத்தல் வேணும்னா மட்டும் கடையில வாங்கிக்கோ."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பேப்பரிலேயே பெரிய கட்டம். பள்ளிக்கூடம் லீவு விட்ட முதல் ஞாயிறு. விருதுநகரிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் நாலு டூரிஸ்ட் பஸ், ரூம் எல்லாம் புக்காகிவிட்டது, நேந்திரங்காய் வண்டியில் வந்து இறங்கிவிட்டது. சனிக்கிழமை மாலையில் அண்ணாச்சியே தொழுவத்துக்கு வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு மாட்டுத் தொட்டியில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஆறு மணிக்குத் தலைமாட்டுல நிக்கணும். இருட்டுத வரைக்கும் நகரப்படாது. சாப்பாடு மேல வரும். மூத்திரம் வந்தா அடக்கிக்கோ, கீழ குளிக்காவோ. கல்யாணம் கில்யாணம்னு மனச அலைய விடாத. சீசன் முடியட்டும். என்ன?"

"சரி அண்ணாச்சி," என்றான் சங்கிலி. யார் எது சொன்னாலும் சரி என்பது அவன் வழக்கம்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குத் தொழுவத்தை விட்டு இறங்கினான். இடது பக்கம் திரும்பினால் மலை. வலது பக்கம் தெற்குத் தெரு. ரெண்டுக்கும் நடுவில் பொதுக்குழாய் பக்கம் கொஞ்ச நேரம் நின்றான். கால் தானாக இடது பக்கம்தான் போனது, நாலு மாதமாகப் போன கால். அவன் அதைப் பார்த்துக்கொண்டே பத்து எட்டு வைத்தான். அப்புறம் யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல், திரும்பி ஓடினான். சாரல் அவன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் கொஞ்சம் பின்தங்கி, முதுகில் மட்டும் விழுந்துகொண்டு வந்தது.

மாடிப்படியில் ஒரு கோணியை விரித்து வைத்திருந்தாள். "கால மிதிச்சிட்டு ஏறு. சேறு ஆகப்படாது," என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு. வடக்கு மூலையில் ஒரு முக்காலி. பக்கத்தில் நீளமான மூங்கில் கம்பு, முனையில் கறுப்புத் துணி. அவன் உட்கார்ந்தான். எட்டடி நனைந்தது. ஒன்பதாவது அடியில் வெயில் ஆரம்பித்தது. அங்கிருந்து தென்கோடி வரைக்கும் வெள்ளை வேட்டி, வேட்டி மேல் வத்தல், ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. காக்கா வந்தது. கம்பை ஆட்டினான். போனது.

மணி ஒன்பதாகி மாடித் தரை சுட ஆரம்பித்தபோது, ரெண்டு வரிசை பிழிந்து முடித்த மாரிசெல்வி அச்சைத் தட்டில் வைத்துவிட்டு, நேரே அவன் மழைக்குள் வந்து நின்றாள். முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். சூடு தணிந்ததும், கையை மட்டும் முந்தானையில் துடைத்துக்கொண்டு, வெயிலுக்குள் போய் மூன்றாவது வரிசையை ஆரம்பித்தாள். அதற்கப்புறம் ரெண்டு வரிசைக்கு ஒருதரம் வந்தாள். சங்கிலி ரெண்டு வரிசையையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று இருந்தது அவனுக்கு.

மாடியில் விழுந்த தண்ணீர் வடக்கு மூலைக் குழாய் வழியாகத் தெருவில் கொட்டியது. பாறைக்குச் செய்த அதே வேலையைச் சாரல் குழாய்க்கும் செய்தது. நாலு அங்குலக் குழாயிலிருந்து யானை தும்பிக்கையை உதறின மாதிரித் தண்ணீர் விழுந்தது. பத்து மணிக்குச் சத்தம் கேட்டுச் சங்கிலி எட்டிப் பார்த்தான். வற்றிய அருவியைப் பார்த்துவிட்டு, ஈரக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஆவுடையப்பன் அண்ணாச்சி வந்திருந்தார். அவருக்குப் பின்னால் நாலு பஸ் ஜனமும் எண்ணெய்த் தலையோடு வந்திருந்தது.

"ஏல சங்கிலி," என்றார் அண்ணாச்சி. "என்னல இது. இறங்கி வால. தலைமாடு காலியாக் கிடக்கு."

"வைகாசி ஏழு கல்யாணம் அண்ணாச்சி. குடை கொண்டுட்டு வாங்க."

"சீசன் முடியட்டும்னு சொன்னம்லா."

அதற்குள் கோவில்பட்டி பஸ்ஸில் வந்த ஒரு கனத்த அம்மா, யாரிடமும் கேட்காமல், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாய்க்கு அடியில் தலையைக் கொடுத்துவிட்டார். "ஏ யம்மா," என்றார். அடுத்த நிமிடம் தெருவில் வரிசை நின்றது. முத்தையா தன் கொடியைக் கழற்றி, காய்ந்த லாட்ஜ் துண்டுகளைக் கைக்கொன்றாக விற்க ஆரம்பித்தார். சிப்ஸ் கடை அண்ணன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவர, தம்பி எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் குழாயைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சட்டையை மடித்துச் செருப்பு மேல் வைத்தார்.

"நான் ஒரு முழுக்குப் போட்டுட்டு வாரேன். அதுக்குள்ள நீ இறங்கி மலைக்குப் போயிரணும், ஆமா," என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றார்.

வரிசை நீளமாக இருந்தது. அவர் குளித்து முடித்து, தலை துவட்டி, மறுபடி எண்ணெய் தேய்த்து, மறுபடி குளித்தார். அன்று முழுக்க ஏழு தடவை, ஒவ்வொரு முழுக்குக்கும் ஒரு தடவையாக, இறங்கி வால என்று சொன்னார்.

சங்கிலி இறங்கவில்லை. காக்கா விரட்டினான்.